டிரம், டைனமோ, பாயிண்ட்: பழைய காரில் எதை விடுவது, எதை மாற்றுவது

உங்கள் கார் 1960களின் நடுவில் வந்த நாலு சிலிண்டர் செடான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் டிரம்முக்குள் ஷூ விரிந்து பிடிப்பது), ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்குவது), கரண்ட் தர டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), பாயிண்ட் இக்னிஷன் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்). எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றன. வெளியே ஒருமுறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே சீட் முதல் கூரைத் துணி வரை கம்பெனியிலிருந்து வந்ததே இருக்கிறது. பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, ராத்திரியில் வெளிச்சம் போதவில்லை, நெரிசலில் சூடேறுகிறது. 'ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாதே' என்பவர்களுக்கும் 'டிஸ்க், ஆல்டர்னேட்டர், அஞ்சு கியர், ஏசி எல்லாம் போட்டுவிடு' என்பவர்களுக்கும் நடுவே நின்று எது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு தரப்பும் முழுக் காருக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிறார்கள். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க முடியும். அதற்கு என் அளவுகோல் இது: அந்த மாற்றத்தை வெறும் ஸ்பேனரை வைத்து ஒரு சனி ஞாயிறில் பழையபடி ஆக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கட்டரும் வெல்டிங்கும் தேவைப்படுகிற வேலை என்றால் கையை நிறுத்துங்கள். 1966இல் தொடங்கிய ஃபிவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனமும் (2013) கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: தவிர்க்க முடியாத மாற்றம் என்றால் குறைவாகத் தொடு, திரும்ப மாற்றும்படி செய், கழற்றிய பாகத்தைக் காரோடு வை.

ஆனால் மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் பழைய வடிவமைப்பின் குறைகளாக எனக்குத் தெரியவில்லை. பராமரிப்பு விட்டுப்போன கார் இப்படித்தான் இருக்கும். அந்தக் கார் புதிதாக வந்தபோது பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை, நெரிசலில் கொதிக்கவும் இல்லை. முதலில் அதை அதன் சொந்த அளவுகளுக்குக் கொண்டுவாருங்கள், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிறகும் எது உறுத்துகிறதோ அதை மட்டும் எழுதி வையுங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

பிரேக்கிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் 'டிஸ்க் போடு' என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம்தான் பிடிக்கவில்லை. அந்த எதிர்ப்பக்க டிரம்மைக் கழற்றினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று கண்ணில் படும்: வீல் சிலிண்டர் கசிந்து ஷூவின் லைனிங்கில் ஆயில் ஊறியிருக்கும், பிஸ்டன் துருப்பிடித்து நகராமல் இருக்கும், அட்ஜஸ்டர் இறுகிப்போய், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்திருக்கும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண். சூடானதும் உள்ளே போன ஆயில் மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ போட வேண்டும்.

பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே நின்றால் அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஜாக்கியில் தூக்கி, பெடலை ஒருமுறை மிதித்து விடுங்கள். சக்கரம் இறுகியே இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளை (காற்றெடுக்கும் சிறு திருகு) சற்றுத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது என்று பொருள். மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும். வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

புது ஷூ போட்டதும் டிரம்மின் உள்ளே சாக்பீஸ் தடவி, டிரம்மைப் போட்டு ஒரு சுற்று தேய்த்துப் பாருங்கள். லைனிங்கின் இரண்டு நுனியில் மட்டும் சாக் ஒட்டினாலோ நடுவில் மட்டும் ஒட்டினாலோ ஷூவின் வளைவு டிரம்மோடு பொருந்தவில்லை. தேய்த்துப் பொருத்த வேண்டும். டிரம்மைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால் இது கட்டாயம் வரும். முன்சக்கரத்தில் இரட்டை லீடிங் ஷூ (டிரம்மின் சுழற்சியே இறுக்கிப் பிடிக்க உதவும் ஷூ) உள்ள கார்களில் இடது பக்க பேக் பிளேட்டை (ஷூக்களைத் தாங்கும் தட்டு) வலது பக்கம் மாட்டிவிட்டால் இரண்டு ஷூவும் டிரெய்லிங் (சுழற்சி விலக்கித் தள்ளும் ஷூ) ஆகிவிடும், பெடல் கல் மாதிரி இருக்கும், கார் நிற்காது. யாரோ பிரித்துப் பூட்டிய கார் என்றால் இதையும் பாருங்கள். கடைசியாக, ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் சக்கரம் பூட்டும் வரை இறுக்கி, சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு ஒரு கிளிக் பின்னால் விடுங்கள்.

இப்படிச் சரியாக நிற்கிற டிரம் ஒரு அவசர பிரேக்குக்கு டிஸ்கைவிடப் பெரிதாகப் பின்தங்காது. திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும், ஷூ துரத்திக்கொண்டு போகும், பிடிப்பு குறையும். மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் டிஸ்குக்கு நியாயம் உண்டு. இல்லையென்றால் அந்த உழைப்பை வேறிடத்தில் செலவிடச் சொல்வேன்: ஒற்றை மாஸ்டர் சிலிண்டரில். அதில் எங்கே ஒரு குழாய் விட்டாலும் நாலு சக்கரப் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இரட்டை அறை கொண்ட டாண்டம் சிலிண்டர் போட்டால் முன்பக்கமோ பின்பக்கமோ ஏதாவது ஒன்று மிஞ்சும். அதே போல்ட் துளைகளில் உட்காரும், அதே குறுக்களவுள்ள டாண்டம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். குறுக்களவு கூடினால் பெடல் பயணம் குறையும், ஆனால் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். குறைந்தால் நேர்மாறு. இரண்டு குழாய் புதிதாக வளைக்க வேண்டும், அவ்வளவுதான். பாடியில் ஒரு துளையும் விழாது.

டிஸ்கே போடுவதென்றால் கிட் வாங்கும் முன் நாலு விஷயத்தைச் சரிபாருங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) மீதி அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு இருக்கலாம். அதை எடுக்காவிட்டால் பேட் டிஸ்கில் ஒட்டியே ஓடும், சூடேறும். முன்பக்கம் டிஸ்கும் பின்பக்கம் பழைய டிரம்மும் சேரும்போது எது முதலில் பூட்டுகிறது என்பதை ஆளில்லாத ஈரத் தரையில் சோதிக்க வேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும், அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு தேவை. பழைய ரிம்முக்குள் காலிப்பர் (பேடை டிஸ்கோடு அழுத்தும் பாகம்) அடங்குமா என்பது அடுத்தது. அடங்காது என்றால் ரிம், டயர் என்று சங்கிலி நீளும். நாலாவது, உங்கள் மாடலிலேயே பின்னாளில் கம்பெனி டிஸ்க் கொடுத்ததா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அந்த ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சு), காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் செட்டாக எடுத்துப் போடுவது எந்தக் கிட்டையும்விட மேல். வடிவமைத்தவர்களே கணக்குப் போட்டு வைத்த வழி அது.

இந்த 'பின்னாளில் கம்பெனியே செய்தது' என்ற வழியை மற்ற இடங்களிலும் மறக்காதீர்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967 கடைசியில் டைனமோவையும் பாசிட்டிவ் எர்த்தையும் விட்டு ஆல்டர்னேட்டர் (டைனமோவின் இடத்துக்கு வந்த புது வகை ஜெனரேட்டர்), நெகட்டிவ் எர்த்துக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடலில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டானது. முன்பு வந்த காரில் பின்பு வந்த பாகத்தைப் போடுவதை ஒரிஜினல் பக்தர்கள்கூட அதிகம் குறை சொல்வதில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான். பெயிண்டை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது என்று புகழ்வார்கள். உறிஞ்சாததால் உள்ளே போன நீர் கரையாமல் தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில், தேங்கும். கிளைக்காலோடு கலக்கவும் கூடாது. எல்லா ரப்பரும் புதிதாகப் போட்டுச் சுத்தமாக ஆரம்பிக்கிற காருக்கு மட்டும் அதை யோசியுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கே ஒரு மல்டிமீட்டர் போதும், வாதமே தேவையில்லை. எஞ்சினை 2,000 சுற்றில் வைத்து ஹெட்லைட்டைப் போட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் பல்பின் முனைகளில் அளந்தால் பழைய வயரிங்கில் 11.2 காட்டுவது சாதாரணம். மீதி 2.6 வோல்ட் ஸ்விட்ச், கால்மிதி டிப் ஸ்விட்ச் (ஹை பீம், லோ பீம் மாற்றுவது), புல்லட் கனெக்டர்கள், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றில் சூடாகக் கரைகிறது. இழை பல்பின் ஒளி வோல்ட்டின் சுமார் 3.4 அடுக்கில் ஏறி இறங்கும். ஆகவே இந்த இழப்பில் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. அதிக வாட் பல்பு போட்டால் கரண்ட் கூடும், இழப்பும் கூடும், ஸ்விட்ச் உருகும்.

இதற்குச் சரியான மருந்து இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி 15 ஆம்ப் ஃப்யூஸ், தனித்தனி 30 ஆம்ப் ரிலே, அங்கிருந்து நேராகப் பல்புக்கு. பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கும் சின்ன வேலையை மட்டும் செய்யும். பல்புக்கு எர்த்தும் புதிதாக, பெயிண்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில். ரிலேக்களை ரேடியேட்டர் சட்டத்துக்குப் பின்னால், ஏற்கெனவே உள்ள போல்ட்டில் மாட்டிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. 7 அங்குல சீல்டு பீம் இருந்த இடத்தில் 60/55 வாட் எச்4 ஹாலஜன் விளக்கு அப்படியே உட்காரும். எச்4 கூட்டில் எல்இடி பல்பைச் செருகுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தக் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்து வரையப்பட்டவை. ஒளி மூலம் மாறினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் விழும். பல நாடுகளில் அது சட்டப்படியும் தவறு.

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்திருக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்ப் என்று எழுதியிருந்தால் அது எரிகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். இன்றைய 35 ஆம்ப் ஃப்யூஸ் 35ஐத் தொடர்ந்து தாங்கும். எண்ணைப் பார்த்து அதையே வாங்கிப் போட்டால் ஃப்யூஸுக்கு முன் ஒயர் எரியும்.

டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பதைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்ப் தரும். ஹெட்லைட் 10, டெயில், நம்பர் பிளேட் விளக்குகள் 2, இக்னிஷன் 4, வைப்பர் 4 என்று மழை ராத்திரியில் 20 வந்துவிடும். ஓடும்போது தாங்கும். நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட எதுவும் தராது, பேட்டரிதான் கொடுக்கும். பகலில், வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு டைனமோ போதும், கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பாயிண்டைச் சுத்தம் செய்து, பிரஷ் மாற்றி, பெல்ட்டைச் சரியாக இழுத்தால் வருடக்கணக்கில் ஓடும். மின்விசிறியோ ஏசியோ வரப்போகிறது என்றால் ஆல்டர்னேட்டர் தவிர்க்க முடியாது.

மாற்றும்போது எர்த்தும் நெகட்டிவ் ஆகும். இங்கேதான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பேட்டரியின் இரண்டு முனையும் வெவ்வேறு தடிமன், எனவே கேபிள் முனைகளையும் மாற்ற வேண்டும். காயிலில் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். ஆம்மீட்டர் தலைகீழாகக் காட்டும், அதிலும் இரண்டு ஒயரை மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் டாக்கோமீட்டர், பழைய ரேடியோ இரண்டையும் மாற்றாமல் கரண்ட் கொடுத்தால் கெட்டுப்போகும். டைனமோவை வைத்துக்கொண்டே எர்த்தை மட்டும் மாற்றுகிறவர்கள், ஃபீல்டு முனையில் பேட்டரியின் லைவ் ஒயரைச் சில நொடிகள் தொட்டுத் தொட்டு எடுத்து டைனமோவின் காந்தத் திசையைத் திருப்ப வேண்டும். 45 ஆம்ப் ஆல்டர்னேட்டரின் முழு கரண்ட்டையும் 30 ஆம்ப் ஆம்மீட்டர் வழியாக விடாதீர்கள். தடித்த ஒயரில் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். டைனமோ உறைக்குள்ளேயே அடைத்த ஆல்டர்னேட்டர்களும் வருகின்றன. பானெட்டைத் திறந்தால் பழைய முகம் மாறக்கூடாது என்பவர்களுக்கு அது.

பாயிண்டை எலக்ட்ரானிக் மாட்யூலாக மாற்றுவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும், பத்து நிமிடத்தில் திரும்ப மாற்றலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் சுழற்சிக் கோணம்) அளந்து பாருங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., நாலு சிலிண்டர் லூகாஸில் ட்வெல் 60 டிகிரி. சுற்று ஏற ஏற ட்வெல் மூன்று நாலு டிகிரிக்கு மேல் அலைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. மாட்யூல் அந்தத் தேய்மானத்தை ஓரளவு மறைக்கும், தீர்க்காது. காயிலின் ஓம் அளவு மாட்யூல் கேட்பதோடு பொருந்த வேண்டும். 3 ஓம் கேட்கிற மாட்யூலுக்கு 1.5 ஓம் காயில் போட்டு, எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் செய்து பத்து நிமிடம் ரேடியோ கேட்டால் மாட்யூல் போச்சு. கழற்றிய பிளேட்டை பாயிண்ட், கண்டென்சரோடு, இடைவெளி வைத்தபடியே டிக்கியில் போட்டு வையுங்கள். மாட்யூல் போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் போகும், பாயிண்ட் நாலு நாள் இருமிவிட்டுத்தான் போகும்.

சூடேறுவதற்கு மின்விசிறி வாங்குமுன் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, பெல்ட் தொளதொளக்கிறதா, யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்களா, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிப்போகிறதா என்று பாருங்கள். பிறகு சூடான ரேடியேட்டரின் முகத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை நகர்த்துங்கள். திடீரென்று குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பிளாக்கின் பின்பக்கத்துக் கோர் பிளக்கை (வார்ப்புத் துளையை மூடும் தகடு) எடுத்தால் சேறு கட்டியாக வரும், பழைய எஞ்சினில் கடைசி சிலிண்டர் சூடாவதற்கு அதுதான் காரணம். 7 பிஎஸ்ஐ மூடிக்குப் பதில் 13 போட்டால் கொதிநிலை ஏறும், உண்மைதான், கூடவே ஹீட்டர் கோரும் ஒழுகும்.

எரிபொருள் விஷயத்தில் ஒரிஜினல் பிடிவாதம் ஆபத்து. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கார்க் பேக்கிங்கையும் தின்கிறது, தீப்பிடிக்கும் கார்களில் பல இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று மெலியும், கார்புரேட்டரின் ஜெட்டையோ ஊசியையோ மாற்றிக் கலவையை ஒரு படி செறிவாக்க வேண்டியிருக்கலாம். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக ஹெட்டைத் தனியாக இறக்க வேண்டாம். வேறு காரணத்துக்கு இறங்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போட்டுவிடுங்கள். எஞ்சின் ஆயிலில் துத்தநாகக் கலவை முக்கியம்: 2004க்குப் பின் வந்த கார் ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் குறைக்கப்பட்டது, தட்டை டாப்பெட் (கேமின் மேல் உரசியபடி நகர்ந்து வால்வைத் திறக்கும் பாகம்) உள்ள கேம் அதில் தேய்கிறது. பழைய எஞ்சினுக்கென்று வரும் ஆயிலை வாங்குங்கள். கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) இருந்தால் ஜிஎல்-4 கியர் ஆயில், ஜிஎல்-5 அல்ல.

டயரில் ரேடியல் போடுங்கள், யோசிக்க வேண்டாம். ஆனால், உதாரணத்துக்கு, 5.60-15 இருந்த இடத்தில் 165ஆர்15 போன்ற அதே உயரமுள்ள ஒல்லியான அளவு. அகலமான டயர் கிங்பின்னையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) ஸ்டியரிங் பெட்டியையும் தின்னும், நிறுத்தும்போது கை வலிக்கும். கிராஸ்-பிளையும் (பழைய குறுக்கு இழை டயர்) ரேடியலும் கலந்து மாட்டாதீர்கள், குறிப்பாக முன்னால் ரேடியல் பின்னால் கிராஸ்-பிளை கூடவே கூடாது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23வது வாரம். பட்டன் (தேயாத மேல்தடம்) எவ்வளவு இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரை விட்டுவிடுங்கள்.

துளை போடுவதற்கு நானே சம்மதிக்கிற ஒரே இடம் சீட் பெல்ட். வால்வோவில் நில்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்த மூன்று புள்ளி பெல்ட்டுக்கான இடங்கள் உங்கள் காரின் தூணிலும் தரையிலும் மூடியபடி இருக்கக்கூடும். டிரிம்மை நீக்கித் தேடுங்கள், 7/16 யுஎன்எஃப் மரைதான் வழக்கம். இல்லையென்றால் தடித்த பின்தகடு வைத்துத்தான் போட வேண்டும். துருப்பிடித்த தரையிலோ சீட்டின் சட்டத்திலோ மாட்டினால் இழுப்பு வரும்போது பெல்ட் தன்னோடு அதையும் பிய்த்துக்கொண்டு வரும்.

சீட்டும் கூரைத் துணியும்: தொடாதீர்கள். இந்தக் காரில் விலை மதிப்புள்ளது உள்ளேதான் இருக்கிறது. தையலை மட்டும் அதே துளைகளில் மறுபடி தையுங்கள், கிழிந்த இடத்துக்கு அடியில் துணி ஒட்டுங்கள், நொறுங்கிய ஸ்பான்ஜை மாற்றி மேலுறையைத் திரும்பப் போடுங்கள். பெயிண்ட்டுக்கு ஒரு தடிமன் மீட்டர் வாங்குங்கள். 80 முதல் 180 மைக்ரான் இருக்கும் பலகையில் முதல் பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம், 300ஐத் தாண்டினால் மறுபூச்சு, 1,000ஐத் தொட்டால் கீழே பட்டி. முதல் பெயிண்ட் மிஞ்சிய பலகைகளை பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2009இல் மஜோரே ஏரியின் அடியிலிருந்து தூக்கிய 1925 புகாட்டியைத் துருவோடு அப்படியே அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். உங்கள் கார் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அஞ்சு கியர்பாக்ஸ், வேறு எஞ்சின், மின்சார மோட்டார் மூன்றும் வேறு வகுப்பு. டனலை (தரை நடுவில் கியர்பாக்ஸ் அடங்கும் மேடு) வெட்டி, கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டம்) நகர்த்தி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்கிய பின் திரும்பி வர வழியில்லை. ஆஸ்டன் மார்ட்டின் 2018இல் காட்டிய மின்சார மாற்றம்கூட, பழைய எஞ்சின் இருந்த தாங்கிகளிலேயே உட்கார்ந்து திரும்பக் கழற்றும்படிதான் இருந்தது. எஞ்சின் ஏற்கெனவே மாறிப்போன, பாடி அழுகிய, எங்கும் கிடைக்கிற மாடல் ஒன்றை வாங்கி அதில் இந்த ஆசைகளைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எண்கள் பொருந்திய உங்கள் காரில் வேண்டாம். எஞ்சின் மாற்றினால் பதிவும் காப்பீடும் என்னாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வாய்வார்த்தை செல்லாது.

கழற்றுகிற எதையும் விற்காதீர்கள். டைனமோ, கட்-அவுட், மாஸ்டர் சிலிண்டர், பாயிண்ட் பிளேட் எல்லாவற்றிலும் தேதியும் எங்கிருந்து எடுத்தது என்பதும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள், எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று கழற்றுமுன் படம் எடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். ஆயில் தடவி, ஆயில் காகிதத்தில் சுற்றி, மூடி இறுகாத மரப்பெட்டியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள்.